பதில் வராத ஒரு மெசேஜ்

ஆபீஸ்ல எனக்கு 'நூல் வாத்தியார்'னு ஒரு பட்டப்பேரு உண்டு. புத்தகம் கித்தகம் எழுதிட்டேன்னு நினைச்சுடாதீங்க. மெயில் த்ரெட் விஷயத்துல நான் பண்ற அலப்பறைக்கு டீம் மக்கள் வெச்ச பேரு. சர்வர் ஏன் படுத்துச்சுன்னு பேசிட்டு இருக்கிற மெயில்ல எவனாவது வந்து 'வெள்ளிக்கிழமை டீம் லஞ்ச் எங்கே?'ன்னு ரிப்ளை போட்டா எனக்கு ஏறும் பாருங்க ஒரு கோவம்! "சாமி, அதைப் புது மெயிலா போடுங்க"ன்னு அந்த நிமிஷமே பதில் போயிடும்.

சப்ஜெக்டை மட்டும் மாத்தினா போதாதான்னு கேப்பாங்க. போதாது. ஒவ்வொரு மெயிலுக்கும் மெசேஜ்-ஐடின்னு ஒரு அடையாளம் இருக்கு. நீங்க ரிப்ளை அமுக்கினா, உங்க மெயிலோட தலைப்பகுதியில 'இன்-ரிப்ளை-டூ'ன்னு ஒரு வரி சேரும். இது எந்த மெயிலுக்குப் பதிலோ அதோட ஐடி அதுல இருக்கும். அதுக்கும் முந்தின தாத்தா, கொள்ளுத்தாத்தா மெயில் ஐடி எல்லாம் 'ரெஃபரன்சஸ்'ங்கிற இன்னொரு வரியில. 1982ல வந்த ஆர்.எஃப்.சி. 822லயே இந்த வரிகள் எல்லாம் உண்டு. இதை வெச்சுத்தான் பல மெயில் சாஃப்ட்வேரும் அப்பன் யாரு, புள்ளை யாருன்னு வம்சாவளி மரம் போடுது. சப்ஜெக்டை மாத்தினாலும் லஞ்ச் மெயில் சர்வர் மரத்துலதான் தொங்கிட்டு இருக்கும்.

இவ்ளோ வியாக்கியானம் பேசுற ஆளு, சொந்த வீட்டுல எப்படிக் கோட்டை விட்டேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல 43 பேரு. பெரியப்பா, சித்தி, அத்தைங்க, மாமாங்க, அவங்க புள்ளைங்கன்னு ஒரு ஊரே இருக்கும். தினமும் காலையில 5 மணிக்கு பெரியப்பாவோட ரோஜாப்பூ குட் மார்னிங்கோட ஆரம்பிக்கும். பெங்களூரு வந்த புதுசுல ஆர்வமாத்தான் பாத்துட்டு இருந்தேன். அப்புறம் ம்யூட் பண்ணிட்டேன். 8 மணி நேரத்துக்கு இல்லீங்க, 'எப்பவும்'.

2024 ஆவணியில பெரியப்பா பொண்ணுக்கு, அதாங்க எங்க அக்காவுக்கு, கல்யாணம். ஆடி பொறந்ததுமே குரூப் களை கட்டிருச்சு. எத்தனை வேன், பந்தியில பால்பாயசமா அடைப்பிரதமனா, சேலை என்ன கலர்னு ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ். நான் எதையும் பாக்கலை. நம்ம ஆணியைப் புடுங்கவே நேரம் பத்தலை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போய் இறங்கினேன். அப்பா திண்ணையில உக்காந்திருந்தாங்க. ரெண்டு காலும் வீங்கி இருந்துச்சு. செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே பள்ளமா தெரியுது. "நடந்தது ஜாஸ்தி, அதான்"னாங்க. அம்மாதான் மெதுவா, "டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சுய்யா. குரூப்ல கூட போட்டேனே, நீ பாக்கலியா?"ன்னாங்க.

பாத்ரூமுக்குள்ள போய் தாழ் போட்டுட்டு குரூப்பைத் திறந்தேன். தேடித் தேடி மேல போறேன். வேன், பாயசம், சேலை, வேன், சேலை. 11 நாளைக்கு முன்னாடி, காலையில 11:12க்கு இருந்துச்சு. லேப் ரிப்போர்ட்டோட போட்டோ, கொஞ்சம் மங்கலா. கீழே அம்மா எழுதினது: 'டாக்டர் ஊரில் இல்லை. இது சரியாக உள்ளதா?' கிரியாட்டினின் 1.9. பக்கத்துல ரிப்போர்ட்டே 1.3 வரைக்கும்தான் சரின்னு அச்சடிச்சிருக்கான்.

அடுத்த மெசேஜ் 11:13க்கு. வேன்காரர் அட்வான்ஸ் கேக்குறாராம்.

பதில் ஒண்ணு கூட இல்லை. குரூப்லயே டாக்டருக்குப் படிச்ச மதினி இருக்காங்க. அவங்களும் என்னைய மாதிரியே ம்யூட். அதை விடுங்க. அன்னிக்கு சாயங்காலம் சித்தி போட்ட ஒரு சேலை போட்டோவுக்குக் கீழே அம்மா 'சூப்பர்'னு எழுதியிருந்தாங்க. தன் கேள்விக்கு யாரும் எதுவும் சொல்லலைன்னு தெரிஞ்சும், அடுத்தவங்களுக்குத் தவறாம பதில் போட்டிருக்காங்க. அங்கதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

"எனக்குத் தனியா அனுப்பியிருக்கலாம்லம்மா?"

"நீ வேலையில இருப்பே, உன்னை எதுக்கு தொந்தரவு பண்ணன்னுதான்யா. குரூப்ல போட்டா யாராச்சும் பாப்பாங்கன்னு இருந்தேன்."

மதினிக்கு அப்பவே போன் போட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "மாமா என்ன மாத்திரை எல்லாம் சாப்பிடுறாங்க?" சுகர் மாத்திரை, அப்புறம் முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கின மாத்திரை, ரெண்டு மாசமா தினமும் ரெண்டு. "முதல்ல அந்த வலி மாத்திரையை நிறுத்துங்க, காலையிலேயே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு அந்த வகை வலி மாத்திரை கிட்னியை இன்னும் சீக்கிரம் பதம் பாக்குமாம். அங்க பாத்த டாக்டரும் அதையேதான் சொன்னாரு. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே"ன்னும் சொன்னாரு. நான் தரையைப் பாத்துட்டு இருந்தேன். இப்ப அப்பாவுக்கு 1.4ல நிக்குது. அதுக்குக் கீழே வரலை.

திரும்பி வந்ததும் இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? கல்யாண வேலைக்கு ஒண்ணு, உடம்பு விஷயத்துக்கு ஒண்ணு, பொழுதுபோக்குக்கு ஒண்ணுன்னு மூணு குரூப்பா பிரிச்சேன். மறுநாள் காலையில 5 மணிக்கு பெரியப்பா மூணுலயும் ரோஜாப்பூ போட்டாரு. என் ஆர்க்கிடெக்சர் அன்னிக்கே ஊத்திக்கிச்சு!

அப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. எது எதுக்குப் பதில்னு சொல்ல இன்-ரிப்ளை-டூ இருக்கு. வாட்ஸப்ல கூட 2016லேர்ந்து ஒரு குறிப்பிட்ட மெசேஜை எடுத்துக் காட்டி பதில் போடலாம். ஆனா 'இதுக்கு யாருமே பதில் சொல்லலை'ன்னு சொல்ற வரி எந்த மெயில்லயும் கிடையாது. பதில் தேவையில்லாத மெசேஜும், பதிலுக்காகக் காத்திருக்கிற மெசேஜும் மரத்துல ஒரே மாதிரி நுனி இலையாத்தான் இருக்கும். அதைப் பிரிச்சுப் பாக்க மனுஷன்தான் வேணும். இத்தனை வருஷமா இழையை நேரா வெச்சுக்கிறதுதான் பெரிய வேலைன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

மூணு குரூப்பையும் கலைச்சுட்டேன். ம்யூட்டையும் எடுத்துட்டேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் மேல போய் பாக்குறேன். பதில் இல்லாம நிக்கிற கேள்வி ஏதாச்சும் இருந்தா அதையே எடுத்துக் காட்டி ஒரு வரி போடுறேன். எனக்குப் பதில் தெரியலைன்னா தெரிஞ்சவங்களுக்குப் போன் பண்ணிடுவேன். ஆபீஸ்லயும் இப்ப லஞ்ச் மெயிலுக்கு முன்ன மாதிரி கத்துறதில்லை. அந்த நேரத்துக்கு, பதில் வராத ஜூனியர் பசங்க மெயில் ஏதாவது கிடக்கான்னு பாக்குறேன். கிடக்குதுங்க, நிறைய.

போன வாரம் அம்மா எனக்குத் தனியா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பதறிப் போய் திறந்தேன். ரோஜாப்பூ, குட் மார்னிங்.

உடனே பதில் போட்டேன்.