சவுனாவில் இட்லி மாவு

தாம்பெரே ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மணி இரண்டரை. அதற்குள் வெயில் கூரைகளின் விளிம்புக்கு இறங்கிவிட்டது. நவம்பர் நடுவில் இந்த ஊரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

நான் பார்க்கப் போனது தோழியின் தங்கையை. தூத்துக்குடிக்காரி. கணவர் இந்த ஊர்க்காரர், ஃபின்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். பெங்களூரில் பல வருடம் குடும்பம் நடத்திவிட்டு, போன வருடம் இரண்டு பிள்ளைகளோடு இங்கே குடிவந்திருக்கிறார்கள். "குளிர் ஒன்றுதான் கஷ்டம், மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை" என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு பொழுதாவது இருந்து பார்க்காமல் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நிலையத்துக்கு அருகிலேயே சிவப்பு டிராம். 2021 ஆகஸ்டில்தான் இங்கே டிராம் ஓடத் தொடங்கியது. ஹெர்வந்தா என்ற புறநகருக்கு ஏழெட்டு கிலோமீட்டர், டிக்கெட் சுமார் மூன்று யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். பெட்டியில் நல்ல கூட்டம், ஆனால் பேச்சுச் சத்தம் இல்லை. பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டி இறங்கினேன். நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு ரிஃப்ளெக்டர் கயிற்றில் தொங்கி ஆடியது. என் கையிலும் ஒன்றைத் திணித்து, "இத மாட்டிக்கோங்கக்கா, இருட்டுல நடந்தா இது கண்டிப்பா வேணும்" என்றாள். நடந்து போகிறவர்களும் இருட்டில் இதை அணிய வேண்டும் என்று இங்கே போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது.

முதலில் காப்பகத்துக்குப் போனோம். மூன்று வயது மகளை அழைத்துவர வேண்டும். அதற்குள் தூறல் தொடங்கியிருந்தது. குளிர் இரண்டு மூன்று டிகிரி இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருப்பார்கள் என்று நினைத்தேன். கம்பி வேலிக்குப் பின்னால் இருபது பிள்ளைகளாவது சேற்றில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்துவரை மூடிய ரப்பர் உடுப்பு, ரப்பர் கையுறை, முழங்கால் பூட்ஸ். மகளை அடையாளம் கண்டுபிடிக்க அம்மாவுக்கே ஒரு நிமிடம் ஆனது. வாசலில் பூட்ஸ் கழுவ ஒரு குழாய். உள்ளே பீரோ அளவில் ஒரு அலமாரி. கதவைத் திறந்தால் சூடான காற்று முகத்தில் அடிக்கிறது. நனைந்த கையுறைகள் வரிசையாக அதில் தொங்கின. ஆசிரியை இரண்டு நிமிடம் பேசினார்: காலையில் கஞ்சி முழுதும் சாப்பிட்டாள், மதியம் ஒரு மணி நேரம் தூங்கினாள், இரண்டு முறை வெளியே போனாள். காப்பகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. எவ்வளவு சம்பாதித்தாலும் ஒரு பிள்ளைக்கு மாதம் 300 யூரோ சொச்சத்துக்கு மேல் வாங்கமாட்டார்கள். இந்தக் குளிர் உடுப்பு புதிதாக வாங்கினால் எண்பது, நூறு யூரோ ஆகிவிடும். அவள் பழைய சாமான் சந்தையில் பதினைந்து யூரோவுக்கு வாங்கியிருக்கிறாள். குளிரைச் சமாளிக்க இந்த ஊரே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பிள்ளைக்கு மூக்கு மட்டும்தான் சிவந்திருந்தது.

காப்பகத்திலிருந்து வீடு பத்து நிமிட நடை. நான்கு மாடிக் குடியிருப்பு. கதவில் தபால் போடும் துளைக்கு மேல் குடும்பப் பெயரை எழுதி வைப்பது இங்கே வழக்கம். இந்தக் கதவில் இரண்டு பெயர்கள். ஒன்று கணவரின் குடும்பப் பெயர். மற்றொன்று அவளுடைய அப்பாவின் பெயர். தூத்துக்குடியில் அது ஓர் எழுத்து இனிஷியல்தான். இங்கே பதிவேட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருப்பதால் அது முழுப் பெயராக விரிந்துவிட்டது. பெட்டிக்கடை வைத்திருந்த அப்பாவின் பெயரை ஃபின்லாந்துக் கதவில் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஏழு வயது மகன் ஏற்கெனவே வீட்டில் இருந்தான். கழுத்தில் சாவி. பள்ளி முடிந்து தனியாக நடந்து வந்து, கதவைத் திறந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டிருக்கிறான். முதல் வகுப்புப் பிள்ளைகள் இப்படிப் போய்வருவது இங்கே சாதாரணம். மதியச் சாப்பாடு பள்ளியிலேயே இலவசம், 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும். அவள் மட்டும் பள்ளி திறந்த முதல் மாதம் தினமும் மரங்களுக்குப் பின்னால் நின்று அவன் சாலையைக் கடப்பதைப் பார்த்திருக்கிறாள்.

சமையலறையில் பாத்திரத் தொட்டிக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தேன். அடிப்பலகை இல்லை, கம்பித் தட்டுகள்தான். கழுவியதை அப்படியே அடுக்கினால் தண்ணீர் தொட்டியில் சொட்டிவிடும். 1940களில் மாயு கெப்ஹார்ட் என்ற பெண்மணி வீட்டு வேலையைக் குறைப்பதற்காக உருவாக்கியது. ஃபின்லாந்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இதில் இட்லித் தட்டுகள் நான்கு காய்ந்துகொண்டிருந்தன.

மாவு எங்கே என்று கேட்டேன். குளியலறைக்கு உள்ளே அழைத்துப் போனாள். அதை ஒட்டி இரண்டு பேர் உட்காரும் அளவில் மரப்பலகை அடித்த சவுனா என்னும் வெப்பக் குளியல் அறை. ஐம்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ள நாட்டில் சுமார் முப்பது லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன என்பார்கள். முந்தின இரவு குடும்பமே அதில் வியர்த்துக் குளித்திருக்கிறது. அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் மாவுக் குண்டானை மேல்பலகையில் வைத்திருக்கிறாள். மூடியைத் திறந்தால் மாவு நன்றாகப் பொங்கி, புளித்த வாசனை. கறிவேப்பிலைக்கு மட்டும் டிராம் ஏறி நகரத்துக்குள் ஆசியக் கடைக்குப் போக வேண்டும். கையளவு பாக்கெட் மூன்று யூரோ.

நான்கரைக்குக் கணவர் வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு நேரே உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தார். ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு: சால்மன் மீன் சூப், ரை தானிய ரொட்டி, பிள்ளைகளுக்கு இட்லியும் பொடியும். சமையலில் பாதி அவருடையது என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். பார்த்ததும் அப்படித்தான்.

வேறொன்றும் பார்த்தேன். மேஜை ஓரத்தில் பிரித்த கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. காப்பகம், காப்பீடு, வீட்டுச் சங்கம், எல்லாம் ஃபின்னிஷில். அவள் அவற்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். வந்த புதிதில் அடையாள எண் கிடைக்கும்வரை அவளால் வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை. வங்கியின் கடவுச்சொல் போன்ற மின் அடையாளம் இல்லாமல் இங்கே அரசு அலுவலகங்களின் இணையச் சேவைகளுக்குள்கூட நுழைய முடியாது. இப்போது எல்லாம் இருக்கிறது, ஆனாலும் கடிதம் அவர் கைக்குத்தான் போகிறது. "பெங்களூர்ல கேஸ் சிலிண்டர்ல இருந்து வாடகை ஒப்பந்தம் வரைக்கும் நான்தான் பாப்பேன்க்கா. அவர் என் பின்னாடி நிப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மேஜையடியில் ஃபின்னிஷ் வகுப்பின் பாடப்புத்தகம், ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு கிடந்தது. ஊரில் குளிரைச் சொன்னார்கள், இதை யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவார்கள் என்றும் ஊரில் சொல்லியிருந்தார்கள். மகனிடம் தமிழில் கேட்டேன். புரிந்துகொண்டான், பதில் ஃபின்னிஷில் வந்தது. தங்கையோடு விளையாடியதும் ஃபின்னிஷில்தான். தூத்துக்குடிக்கு வீடியோ அழைப்பு போட்டதும்தான் தமிழ் வந்தது. அங்கே மூன்றரை மணி நேரம் முந்திப் போகும், ஆச்சி படுக்கப் போகும் நேரம். "ஆச்சி, நான் இட்லி சாப்ட்டேன்" என்றவனின் குரலே மாறியிருந்தது. அப்பாவின் அம்மாவை மும்மோ என்கிறான். மும்மோ வீடு பேருந்தில் அரை மணி. ஃபின்னிஷுக்குப் பள்ளி, தெரு, மும்மோ எல்லாம் இருக்கின்றன. தமிழுக்கு இருப்பது அம்மாவும் ஒரு கைப்பேசித் திரையும்.

இந்த நாட்டின் மக்கள் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரே ஒரு தாய்மொழிதான் பதிய முடியும். இரண்டு மொழி வீட்டுக்கு அது கடினமான கட்டம். இவர்கள் மகனுக்குத் தமிழ் என்றும், மகளுக்கு ஃபின்னிஷ் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மேஜையில் சாப்பிடும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏட்டில் வேறு வேறு தாய்மொழி. அந்தப் பதிவேடு திருத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் அதே நாடு வழியும் வைத்திருக்கிறது. வீட்டில் பேசும் மொழியை நகராட்சிப் பள்ளிகளில் வாரம் இரண்டு பாடவேளை கற்பிக்க அரசு மானியம் தருகிறது. அந்த மானியம் கிடைக்க, வகுப்பு தொடங்கும்போது குறைந்தது நான்கு பிள்ளைகள் வேண்டும். அவள் நூலகத்திலும் டிராமிலும் தமிழ் காதில் விழுந்தால் நின்று பேசி, பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஃபின்லாந்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பள்ளியில் தாய்மொழி வகுப்புக்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி, இந்த ஆண்டே நிரப்பிக் கொடுங்கள்.