வீட்டில் செய்த விமானம்!

வீட்டில் செய்த முறுக்கு தெரியும், வடாம் தெரியும். வீட்டில் செய்த விமானம்? அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரத்துக்குப் போனால் வரிசை வரிசையாகப் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் அமைதியான ஏரிக்கரை ஊர். ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் திருவிழா! 1970லிருந்து இங்கேதான். பத்தாயிரம் விமானங்களுக்கு மேல் வந்து இறங்கும். ஓடுபாதையில் கலர் கலராகப் புள்ளி போட்டு, 'நீ பச்சைப் புள்ளி, நீ ஆரஞ்சுப் புள்ளி' என்று இடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். இறங்கியவர்கள் இறக்கைக்கடியில் கூடாரமடித்துப் படுத்து விடுகிறார்கள்.

இவற்றில் பல, கார் ஷெட்டில் பிறந்தவை. லீவு நாட்களில் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டே முடுக்கிய திருகாணிகள்! பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். 'இது அமெச்சூர் கட்டியது. வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல' என்று உள்ளே பயணி கண்ணில் படும்படி எழுதி ஒட்டவும் வேண்டும். நம் டவுன் பஸ்ஸில் இப்படி எழுதி வைத்தால் ஏறுவோமா ஸார்?

எச்சரிக்கை சும்மா இல்லை. அமெரிக்காவின் சிறு விமானங்களில் வீட்டுத் தயாரிப்பு சுமார் பத்து சதவீதம்தான். ஆனால் 2011ல் உயிர்ப்பலி வாங்கிய சிறு விமான விபத்துகளில் அவற்றின் பங்கு 21 சதவீதம்.

ஆஷ்காஷ் விமான நிலையத்தின் பெயரே ஒரு பாடம். ஸ்டீவ் விட்மன், 1931 முதல் 1969 வரை அங்கே மேனேஜர். பந்தய வீரர், விமானம் கட்டுவதில் ஜாம்பவான். 1995 ஏப்ரலில், 91 வயதில், தானே கட்டிய விமானத்தில் மனைவியோடு ஆஷ்காஷுக்கு வந்துகொண்டிருந்தார். அலபாமாவில் விமானம் நடுவானில் சிதறியது. இருவரும் போய்விட்டார்கள். காரணம்? இறக்கை மேல் போர்த்திய துணி ஓரிடத்தில் சரியாக ஒட்டவில்லை. துணி பிரிந்து, இறக்கை படபடத்து... அவ்வளவுதான்.

கட்டியவர் கதி இது. வாங்கியவர்? 1997ல் பாடகர் ஜான் டென்வர் வேறொருவர் கட்டிய 'லாங் ஈஸி' விமானத்தை வாங்கினார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. பெட்ரோல் டாங்க் மாற்றும் திருகு, டிசைன்படி கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்து விட்டார். பழைய ஸ்கூட்டரில் இன்ஜின் திக்கினால் குனிந்து 'ரிசர்வ்'க்குத் திருப்பி, உதைத்துக் கிளப்பிப் போய்க்கொண்டே இருப்போம். வானத்தில் ஓரங்கட்ட முடியாதே! டென்வர் திரும்பிக் கையை நீட்டியபோது, கால் தன்னையறியாமல் திசைமாற்றும் பெடலை அழுத்தியிருக்கிறது என்பது விசாரணை முடிவு. விமானம் கலிஃபோர்னியாக் கரையோரம் கடலில் விழுந்தது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே!

நாமே செய்ததன் குறை நம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தவர் செய்ததன் குணம் நம் கைக்குப் பழகியிருக்காது. ஆபத்து இந்த இரண்டுக்குள்தான்.

அதனால்தான் திருவிழா நடத்தும் சங்கம், அனுபவமுள்ள தொண்டர்களைக் கட்டுகிறவர் வீட்டுக்கே அனுப்புகிறது. இறக்கையை மூடுவதற்கு முன்பே வந்து, தட்டிப் பார்த்து, குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள். காசு கிடையாது. கேட்பவருக்குத்தான் கொஞ்சம் ரோஷம் வரும். வந்தால் வரட்டும். ரோஷத்தோடு தரையில் இருப்பது எவ்வளவோ மேல்!