சொல்லாமல் கிளம்புகிறவை

இங்கிலாந்துக்காரருக்குத் தகைவிலான் ஏப்ரலில் வருகிற குருவி. நமக்கு அது ஏப்ரலில் போகிற குருவி. இரண்டும் ஒரே கூட்டமல்ல. அங்கே வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்புகிற கூட்டம். நம் ஊர் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டப் போகிறவை. பறவை நூல்களை ஆங்கிலத்திலேயே படித்துப் பழகியதால் வசந்தம் என்றதும் வரவேற்கிற மனநிலை நமக்கும் தொற்றிக்கொள்கிறது. தமிழ்நாட்டிலோ பங்குனியும் சித்திரையும் வழியனுப்பும் மாதங்கள். யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை என்பதுதான் சிக்கல்.

வரவைக் குறிப்பது எளிது. ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பர் தொடக்கத்தில் மலையோர ஓடைகளுக்குச் சாம்பல் வாலாட்டி வந்து சேரும். நேற்றுவரை இல்லாத வால் இன்று பாறைமேல் ஆடுகிறது. தேதியை எழுதிவிட்டால் முடிந்தது. 2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம் பறவை ஆர்வலர்களிடம் முதலில் கேட்டது இந்த முதல் வரவுத் தேதியைத்தான். போகிற தேதி அப்படியல்ல. ஒரு பறவையைக் கடைசியாகப் பார்க்கிற அன்று அது கடைசி என்று தெரியாது. ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துப் பின்னோக்கி எண்ணித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பறவை இல்லாத நாள்களிலும் போய்ப் பார்த்து, இல்லை என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இருப்பதைப் படமெடுத்துப் போட ஆயிரம் பேர் உண்டு. இல்லாததை எழுத ஆள் குறைவு.

எங்கள் தெருமுனைக் காலிமனையில் ஒரு சீமைக் கருவேலம் நிற்கிறது. பழுப்புக் கீச்சான் ஒன்று செப்டம்பரில் வந்து, கிறீச் கிறீச்சென்று சண்டை போட்டு இடம் பிடித்து, மாதக்கணக்கில் அதே கிளையில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும். சைபீரியாப் பக்கமோ மங்கோலியாப் பக்கமோ போக வேண்டிய பறவை. ஏப்ரலில் ஒரு காலை கிளை காலியாக இருக்கும். இரை தேடி நாலு மரம் தள்ளிப் போயிருக்கலாம் என்று தோன்றும். மறுநாளும் அப்படியே தோன்றும். ஆறுமணிக் குருவி இந்த விஷயத்தில் கொஞ்சம் தயவுள்ளது. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிக்கிற வழக்கம் அதற்கு. அந்த நேரத்துக்குத் தோட்டம் தொடர்ந்து சில நாள் சும்மா இருந்தால், மழைக்கு முன்னால் கூடு கட்ட மத்திய இந்தியாவுக்கோ இமயமலை அடிவாரத்துக்கோ கிளம்பிவிட்டது என்று ஓரளவு துணிந்து எழுதலாம்.

இவற்றுக்குப் புறப்படும் காலம் எப்படித் தெரிகிறது? வடக்கே என்றால் பகல் நீள்வதைப் பார்த்து என்று சொல்லிவிடலாம். திருநெல்வேலியில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசமே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் கதிர்க்குருவிகளைப் பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு என்று மாறாத அறையில் நெடுநாள் வளர்த்தார். பருவமே இல்லாத அந்த அறையிலும் அவை முறை வைத்து இறகு மாற்றின. வலசைக் காலம் வந்ததும் கூண்டுக்குள் இரவெல்லாம் நிலைகொள்ளாமல் துள்ளின. உள்ளுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஆனால் அது சரியாக ஓர் ஆண்டைக் காட்டுவதில்லை. வெளியே மாறுகிற பகலின் அளவு அதை அவ்வப்போது திருத்திவிடுகிறது.

இந்தத் தயாரிப்பைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் ஏப்ரலில் உப்பளத்துக்குப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். அதனாலேயே யாரும் வருவதில்லை. டிசம்பரில் அங்கே எல்லா உள்ளானும் ஒரே சாம்பல். புதிதாகப் பார்க்க வந்தவர் கொசு உள்ளானுக்கும் வளைமூக்கு உள்ளானுக்கும் வித்தியாசம் தேடிக் களைத்துப்போவார். ஏப்ரலில் அதே வளைமூக்கு உள்ளான் செங்கல் பொடியில் புரண்டதுபோல் கழுத்தும் வயிறும் சிவந்து நிற்கும். உப்புக்கொத்திகளில் பொன்முதுகுக்காரனுக்கு முகத்திலிருந்து வயிறுவரை கறுப்பு திட்டுத்திட்டாக ஏறிக்கொண்டிருக்கும். சைபீரியாவின் வடகோடியில் இணை தேடுவதற்கான உடுப்பு இது. நம் சேற்றில் நின்றபடியே அதை உடுத்திக்கொள்கின்றன. கூடவே தீனி. ஓய்வில்லாமல் குத்திக் குத்தித் தின்று உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொள்ளும், வழிச்செலவு அதுதான். பிறகு ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் கூட்டம் கத்திக்கொண்டே எழும்பி, வழக்கம்போல் வட்டமடித்து இறங்காமல், உயர ஏறிப் போய்விடும். சாலிம் அலியின் காலந்தொட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் இந்தச் சிறு கால்களுக்கு வளையமிட்டு வருகிறார்கள்.

சூறைக்குருவிக்கு இந்த உடுப்பு வேறு வழியில் வருகிறது. அதன் ரோஜா நிறம் புதிய இறகால் வருவதல்ல. குளிர்காலத்தில் இறகு நுனியில் இருக்கும் மங்கலான ஓரம் தேயத் தேய, அடியில் இருந்த நிறம் வெளிப்படுகிறது. பங்குனியில் கல்யாண முருங்கைப் பூவில் தேன் குடிக்க மோதுகிற கூட்டத்தைக் கவனித்தால், மாசியில் அழுக்காக இருந்தவை பளிச்சென்று ஆகியிருக்கும். அவை மத்திய ஆசியப் புல்வெளிக்குப் போய் வெட்டுக்கிளிகளை நம்பிக் குஞ்சு பொரிக்கும். அழகானதும் கிளம்பிவிடுகிறதே என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான குறைதான்.

கூந்தன்குளத்து வரித்தலை வாத்துகள் இவற்றுக்கெல்லாம் முன்பே போய்விடும். இமயத்தைத் தாண்டுகிற அவற்றின் பயணத்தைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். சில 7,000 மீட்டருக்கு மேல் ஏறியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான நேரம் அதைவிடத் தாழ்வாக, மலையின் மேடுபள்ளத்தை ஒட்டியே பறக்கின்றன. எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் வாத்து என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். தேவைக்கு மேல் ஒரு மீட்டர்கூட ஏறாத சிக்கனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் கணக்கெடுப்புகள் பொங்கலுக்கும் பிப்ரவரிக்கும் கூடுகின்றன. ஏரியில் தண்ணீர் இருக்கும், காற்று இதமாக இருக்கும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். சித்திரையில் நோட்டுப் புத்தகமும் கையுமாக நிற்பது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களையும் குழப்ப உப்பளத்தில் ஒரு கூட்டம் தங்கிவிடுகிறது. முந்தைய ஆண்டு பிறந்த இளம் உள்ளான்கள் பல முதல் கோடையில் வடக்கே போவதில்லை. நிறம் மாறாமல், சாம்பலாகவே, ஜூன் வெயிலிலும் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு ‘இன்னும் போகவில்லை’ என்று எழுதினால் தப்பு. ‘இப்போதே வந்துவிட்டது’ என்று எழுதினால் அதைவிடத் தப்பு.

உலகப் புலம்பெயர் பறவைகள் நாள் என்று மே மாத இரண்டாம் சனிக்கிழமையைக் கொண்டாடுகிறார்கள். அக்டோபரில் இன்னொன்று உண்டு. நமக்குப் பொருந்துவது அதுதான். மே மாத நாளில் கூந்தன்குளத்துக்குப் போய் வரித்தலை வாத்தைக் கேட்டால், அது மங்கோலிய ஏரியொன்றில் அடைகாத்துக்கொண்டிருக்கும்.