உடப்புக் கரையிலிருந்து

உடப்பிலிருந்து நுரைச்சோலைக்குக் கடற்கரை மணலில் நடந்தால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பேருந்தில் செல்வோர் பத்துளுஓயாவுக்கு வந்து, முந்தல் வழியாகப் பாலாவியை அடைந்து, அங்கிருந்து கற்பிட்டி வீதியில் திரும்புவார்கள். கரையோரமாக முழுத் தூரத்தையும் கால்நடையாகக் கடப்பவர் இன்று அரியர். அது வேலையற்றவர்களின் வேலை என்று எவரேனும் நகைத்தால் நாம் மறுக்கப் போவதில்லை. ஆயினும் தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, நாமும் நண்பராகிய ஆசிரியர் ஒருவரும் அவ்வேலையை மேற்கொண்டோம். மூன்றாவதாக ஒரு நாயும் வந்தது. அதனை எவரும் அழைக்கவில்லை. செம்மண் நிறம், விலா எலும்புகள் எண்ணத்தக்கவை, ஒரு காது மடங்கியிருந்தது. மூவரில் வழி தெரிந்தது அதற்கு மட்டுமே.

"இது யாருடைய நாய்?" என்று கரையில் நின்ற முதியவர் ஒருவரைக் கேட்டோம்.

"ஒருத்தருடையதும் இல்லை, மாஸ்டர். தன்பாட்டில வரும், தன்பாட்டில போகும்" என்றார் அவர்.

பொழுது இன்னும் புலரவில்லை. ஆனால் கரைவலை இழுப்பவர்களுக்கு விடிந்து வெகு நேரமாகியிருந்தது. மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும் இந்த மாதங்களே அவர்களுடைய உழைப்பின் காலம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் செல்கிறது. அரைவட்டமாக வலையை இறக்கி, சில நூறு யார் தள்ளி மறு கயிற்றைக் கரை சேர்க்கிறது. பிறகு இரு புறத்தும் இரண்டு அணிகள். அவர்கள் முன்னோக்கி நடப்பதில்லை. குதிகாலை மணலில் புதைத்துப் பின்னோக்கியே நடக்கிறார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர் மேட்டை எட்டியதும் கயிற்றை விட்டுவிட்டு நீரோரத்துக்கு ஓடி, மறுபடியும் முதலாமவராகப் பற்றுகிறார். இவ்வாறு மணிக்கணக்கில்! அம்பாப் பாட்டு அந்தப் பின்னடிக்குத் தாளம். உடப்பின் அம்பாவைப் பற்றி நம் அறிஞர்கள் அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாட்டை மூச்சுத் திணறலோடு சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

மடி கரையேறியது. சாளையும் சூடையும் நெத்தலியும் மணலில் துடித்தன. லொறியோடு வந்திருந்தவர் விலை சொன்னார். விலை சொல்லும் உரிமை அவருக்கே. செலவு கழிந்து, வலைக்கும் தோணிக்குமென்று சம்மாட்டியின் பெரும்பங்கு ஒதுங்கியபின், எஞ்சியது இழுத்த கைகளுக்குப் பிரிந்தது. இந்நாளில் சில கரைகளில் உழவு யந்திரத்தில் பொருத்திய சுருளை கயிற்றை இழுத்துவிடுகிறது. உழைப்பின் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பாரம் குறைந்தபோது பங்கும் சேர்ந்து குறைந்தால் அந்த யந்திரம் யாருக்காக வந்தது? நமது நாய்க்கு இந்தப் பொருளாதாரத்தில் கிடைத்தவை, வலைக்கண்ணில் நசுங்கிய இரண்டு சூடைகள்.

வடக்கு நோக்கித் திரும்பியதும் அது நமக்கு முன்னால் ஓடத் தொடங்கியது. உடப்புத் திரௌபதியம்மன் கோயிலின் தீமிதிப்பு ஊரறிந்தது. அந்த ஊர் எல்லையில் நாய் ஒன்று பின்தொடர்ந்தால் பாரதக் கதை நினைவுக்கு வராமல் இருக்குமா? "தருமா!" என்று நண்பர் அதற்குப் பெயரிட்டார். பாண்டவரின் இறுதி யாத்திரையில் திரௌபதி முதலில் விழுந்தாள். பின்னர் தம்பியர் நால்வரும் விழுந்தனர். தருமரோடு எஞ்சியது நாய் ஒன்றே. அதை விட்டுவிட்டு விண்ணுலகம் வா என்றான் இந்திரன். மாட்டேன் என்றார் தருமர். அதுவரை கதை மிக உயர்ந்தது. அடுத்த கணம் நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. அங்கேதான் நமக்குச் சிறிது ஏமாற்றம். நாய் கடைசிவரை நாயாகவே இருந்திருந்தால் இந்திரன் என்ன செய்திருப்பான்?

நண்பர் தமிழாசிரியர், ஆகவே பேச்சு மொழிக்குத் தாவியது. உடப்பில் இன்றும் தமிழ் வீட்டிலும் கரையிலும் முழங்குகிறது. தெற்கே சிலாபம் தொடங்கி நீர்கொழும்பு ஈறாக, ஒரு காலத்தில் தமிழ் பேசிய மீனவ ஊர்கள் பல, பள்ளிக்கூடங்களின் போதனாமொழி மாறியதோடு சில தலைமுறைக்குள் சிங்களம் பேசும் ஊர்களாயின. சிங்கள உழைப்பாளி நமக்கு அந்நியன் அல்லன். அவன் மொழியும் நமக்குப் பகையன்று. ஆனால் பேரனோடு பேசப் பாட்டிக்குத் துபாஷி வேண்டியிருக்கும் நிலையை மொழியின் இயற்கை வளர்ச்சி என்று கூற நம்மால் ஆகாது. இதைப் பற்றி நண்பர் இரண்டு கிலோமீட்டர் தூரம் பேசினார். தருமன் அதில் சிரத்தை காட்டவில்லை, நண்டு துரத்தினான்.

வெயில் ஏறியது. இடப்புறம் கடல், வலப்புறம் தென்னைகளுக்கு அப்பால் முந்தல் களப்பு. நீர்ப்பை காலியானபோது கரையைவிட்டு உள்ளே ஏறினோம். களப்போரத்தில் நாம் கண்டவை சதுரஞ்சதுரமாக வரப்பிட்ட வறண்ட குட்டைகள். 1980களில் இந்த மாவட்டத்துக் களப்புகளைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடுகள் வெட்டுண்டன. வெளிநாட்டுச் சந்தையின் பணம் சிலர் கைகளில் கொழித்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. பணம் போட்டவர்களுள் பலர் பெயர்ந்து போனார்கள். உப்பூறிய குட்டைகள் பெயர்ந்து போக முடியாமல் இங்கேயே கிடக்கின்றன. மீன்குஞ்சுகளுக்குத் தாய்மடியாக இருந்த கண்டலை இழந்த களப்பு மீனவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். குட்டையொன்றின் மூலையில் தேங்கிய நீரைத் தருமன் முகர்ந்து பார்த்துத் திரும்பிவிட்டான்.

பிற்பகலில் ஓரிடத்தில், உல்லாச விடுதியொன்றின் வேலி மணலில் இறங்கி அலைவரை வந்திருந்தது. காவலாளி இளைஞர். "சேர், இது பிரைவேட். றோட்டால போங்க" என்று மரியாதையாகவே சொன்னார். அவருடைய தகப்பனார் இதே கரையில் வலை இழுத்தவராம். நாம் அவரோடு வாதிடவில்லை. வேலியைப் போட்டவர் அவரல்லரே. அரை மணி நேரம் சுற்றி வந்து மறுபடியும் கரையில் இறங்கியபோது தருமன் நமக்காகக் காத்துக்கொண்டிருந்தான். கம்பியின் கீழே மணலைப் பறித்து நுழைந்திருக்கிறான்.

மாம்புரியை நெருங்க, காற்றாலைகள் மெல்லச் சுழன்றன. அவற்றுக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சீனக் கடனில் எழுந்து, 2011இல் முதற் பிரிவும் 2014இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கிய, 900 மெகாவாட் நிலையம் அது. கடலில் கப்பலிலிருந்து நிலக்கரி இறங்குவதும் வாடைக்காற்றின் இந்த மாதங்களில்தான். மின்சாரம் வேண்டாம் என்பது நமது கட்சியன்று. சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் இந்த மணற்பாங்கான தோட்டங்களில் நீரிறைப்பதற்கும் அது தேவை. ஆனால் தூசியையும் சாம்பலையும் பற்றி இங்குள்ள விவசாயிகளும் மீனவர்களும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். கொழும்பின் விளக்கு எரியும்போது சாம்பல் மட்டும் ஏன் வெங்காயத் தாளின்மேல் விழவேண்டும்?

கரையைவிட்டு வீதிக்கு ஏறும் ஒழுங்கையில் தகரக் கூரையிட்ட வீடுகள் நெருங்கியிருந்தன. சிறுவர் சிலர் நாயைக் கண்டதும் கல்லெடுத்தார்கள். திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி அவர்களை அதட்டினார். சிரட்டையொன்றில் தண்ணீர் ஊற்றி, எட்ட நின்று குச்சியால் அதை நாயின் பக்கம் தள்ளினார். நமக்குச் செம்பில் தந்தார்.

"நாய்க்குத் தண்ணி குடுத்தவளுக்கு அல்லாஹ் பாவத்தை மன்னிச்சான் எண்டு ஹதீஸில இருக்கு, மகன். எங்கேருந்து வாறீங்க?"

"உடப்பிலிருந்து, உம்மா. நடந்து வருகிறோம்."

"ஏன், பஸ் ஓடல்லயா?"

நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பார்ப்பதற்காக நடக்கிறோம் என்று நண்பர் ஏதோ சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

அவர் மன்னார் தீவினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரை அவர்களுடைய மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அம்மாதம் 30ஆம் திகதி தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். துரத்தியவர் கட்டளையிட்டதும் தமிழில். துரத்தப்பட்டவர் அழுததும் தமிழில். பெரும்பாலோருக்கு இடங்கொடுத்தது இந்தப் புத்தளம் மாவட்டம். அதற்கு முன்பே ஏழ்மையோடு போராடிக்கொண்டிருந்த மாவட்டம் என்பதையும் சொல்லவேண்டும். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்வு தகரக் கூரைக்கு வந்திருக்கிறது. 2009இல் போர் ஓய்ந்தபின் சிலர் திரும்பிப் போனார்கள். மூதாட்டியும் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். வளவு பற்றைக்காடாகிக் கிணறு தூர்ந்திருந்ததாம்.

"வீட்டில இருந்து கரைக்கு நடந்தோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. மழை. வள்ளத்துக்குக் காத்து நிண்டோம். எங்கட ஆடு நாலும் பின்னால கரைமட்டும் வந்துது. எல்லாச் சனத்துக்குமே இடமில்ல, ஆட்டை எங்க ஏத்துற?"

கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவர், வள்ளம் கற்பிட்டியில் ஒதுங்கியதையும், அங்கே முன்பின் அறியாத ஒருவர் வீட்டில் சோறு தின்றதையும் சொன்னார். அந்த வீட்டுக்காரரின் பெயரை மட்டும் மறந்துவிட்டதாகவும், அதற்காகவே மனம் வருந்துவதாகவும் சொன்னார்.

பாலாவிக்குப் போகும் கடைசி பஸ்ஸின் ஓசை வீதியில் கேட்டது. எழுந்தோம். "தருமா!" என்று நண்பர் அழைத்தார். நாய் தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தது, திண்ணையைப் பார்த்தது, காலிச் சிரட்டைக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. "அது கிடக்கட்டும், மகன்" என்றார் மூதாட்டி.