குருத்து இருந்தால் போதும்

சகோதரிகளே, மலைநாட்டுக் குளிரில் வெப்பநாட்டுச் செடிகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. என் பிள்ளைகள் இருவரும் இதில்தான் படித்து ஆளானார்கள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, வன்னியில் சில காலம் இருந்துவிட்டு, கண்டிக்கு மேலே மலைச்சரிவில் உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கணவர் இல்லை. வீட்டு ஓரத்தில் பூச்சாடிகளில் கமுகு, சைகஸ், குரோட்டன், கல்வாழை என இலையழகுக்கான கன்றுகளை வளர்த்து விற்கத் தொடங்கினேன்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். அங்கே உறைபனி விழாது. ஆனால் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய அரைப் பாகைக்கு மேல் வெப்பம் குறைகிறது. 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல்லே வெள்ளையாகிவிடும். அங்கிருந்து வந்து கன்று வாங்குபவர்கள், "இது பிழைக்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிழைக்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

செடியில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முதலில் அறிய வேண்டும். இலை போனால் மீண்டும் வரும். குருத்து போனால் வராது. வாழைக்கும் கல்வாழைக்கும் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. மேலே எல்லாம் கருகினாலும் பக்கக்கன்று வரும். கமுகுக்கோ உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். ஆகவே சாக்கு ஒன்றுதான் கையில் இருந்தால் முதலில் கமுகுக்கே போட வேண்டும்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்தானது. அன்று மாலையே நான்கு தடி நட்டு, இலையில் படாமல் சாக்கைப் போர்த்துங்கள். காலையில் எடுத்துவிடுங்கள். குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு ஓடும். அதனால் சாடிகளைச் சரிவின் அடியில் வைக்காதீர்கள். வாழையடியில் காய்ந்த மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். கார்த்திகைக்குப் பிறகு யூரியா வேண்டாம். அது குளிர் தாங்காத இளந்தளிரைத்தான் கொண்டுவரும். தண்ணீரைக் காலையிலேயே, அளவாக ஊற்றுங்கள். எங்கள் பக்கத்தில் குளிரை விட, குளிரோடு சேர்ந்த ஈரமே வேரை அழுகச் செய்து அதிகக் கன்றுகளைக் கொல்கிறது.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது அம்மா ஊரிலிருந்து நான்கு பனங்கொட்டைகள் கொண்டுவந்தா. "இந்தக் குளிருக்குள்ள பனையோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தா. பேராதனைப் பூங்காவில் பனைகள் வரிசையாக நிற்பதை நான் பார்த்திருந்தேன். அதனால் நம்பி ஊன்றினேன். முதல் ஓலைகள் மார்கழி மழையில் பழுத்துக் கருகின. அம்மா கலங்கவில்லை. "கிழங்கு கிண்டின எங்களுக்குத் தெரியாதே, பனையின்ர குருத்து நிலத்துக்குள்ளதானே இருக்கு" என்றா. உண்மைதான். பனங்கொட்டை முளைக்கும்போது குருத்தை மண்ணுக்குள் ஆழத்துக்கு இறக்கிவிட்டுத்தான் ஓலையை மேலே அனுப்பும். பங்குனியில் மூன்று கொட்டைகள் புதிய ஓலை விட்டன. அவற்றில் இரண்டு இன்று என் தலைக்கு மேலே விசிறி விரித்து நிற்கின்றன.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள எங்கள் சனங்கள் ஒக்டோபரிலேயே கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுத்து, யன்னலோரம் வைத்துப் பிள்ளையைப் போலப் பார்க்கிறார்கள். இலை முழுவதும் உதிர்ந்தாலும் எறிவதில்லை. தண்டைச் சற்றுக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

நீங்களும் குளிரில் கருகிய கன்றை உடனே பிடுங்க வேண்டாம். காய்ந்த இலையையும் குளிர் முடியும்வரை வெட்டாதீர்கள். அதுவும் குருத்துக்கு ஒரு போர்வைதான். கமுகின் நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அழுகல் மணத்தோடு கையோடு வந்தால் அது முடிந்துவிட்டது. இறுகி நின்றால் உயிர் இருக்கிறது. பங்குனி வெயில் வரும்வரை பொறுத்திருங்கள்.