முகமூடிக்கும் பானைக்கும் ஒரே மண்

அசாமில், ஜோர்ஹாட் பக்கத்து நிமாதி படித்துறையில் ஏறிய படகில் ஆட்களுக்குச் சமமாக மோட்டார் சைக்கிள்களும் நின்றன. பிரம்மபுத்திராவின் நடுவே கிடக்கும் மாஜுலிக்கு ஜோர்ஹாட்டிலிருந்து இப்படித்தான் போகிறார்கள். 2016இல் தனி மாவட்டமான இந்தத் தீவு, ஒரு நூற்றாண்டுக்கு முன் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்தது. ஆறு அரித்து அரித்து, இன்று அதில் பாதிகூட இல்லை.

சங்கரதேவர் வழிவந்த வைணவ மடங்களை இங்கே சத்ரா என்கிறார்கள். 1663இல் தோன்றிய சாமகுரி சத்ராவில் முகமூடி செய்வதும் வழிபாடுதான். பாவோனா நாடகத்தில் ராவணனும் பூதனையும் நரசிம்மரும் வந்தாக வேண்டுமே!

தண்ணீரில் ஊறிய மூங்கிலைச் சன்னமாகப் பிளந்து, அறுகோணக் கண்களாகப் பின்னிக் கூடு கட்டுகிறார்கள். களிமண் கரைசலில் தோய்த்த துணியை அதன்மேல் ஒட்டுகிறார்கள். காய்ந்ததும், மண்ணும் சாணியும் குழைத்த சாந்தால் மூக்கும் புருவமும் எழும்புகின்றன. சாணி சேர்ப்பதால் வெடிப்பு விழுவதில்லை. வண்ணம் கடைசியில்தான். “போட்டுப் பாருங்கள், பைதேவ் (அக்கா)” என்று ஓர் இளைஞர் ஜடாயுவை நீட்டினார். இவ்வளவு பெரிய அலகு, முறம் அளவுக்குக்கூடக் கனக்கவில்லை. விடிய விடிய ஆடுபவருக்கு அந்த லேசு எவ்வளவு பெரிய உதவி!

2023இல் சாமகுரியின் ஹேமசந்திர கோஸ்வாமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024இல் மாஜுலி முகமூடிக்குப் புவிசார் குறியீடு. தகுதியான மரியாதைதான். ஆனால் என் மனம் தங்கிவிட்டது இதே தீவின் சால்மோரா கிராமத்தில்.

அங்கே குயவர் வீட்டுப் பெண்கள் சக்கரமே இல்லாமல் பானை வனைகிறார்கள். மண்ணைக் கையால் திரட்டி, மரப்பலகையால் தட்டித் தட்டி விளிம்பு வரை கொண்டுவருகிறார்கள். ஒரு பாட்டி தட்டிய பானையின் வயிற்றில் எந்தப் பக்கமும் கோணல் இல்லை. ஆற்றங்கரையில் ஆழக் குழி தோண்டி மண் எடுப்பதும், வெள்ளம் அடித்துவரும் மரக்கட்டைகளைச் சேர்த்துச் சூளை வைப்பதும், படகேற்றி ஊர் ஊராகப் போய் நெல்லுக்குப் பானை மாற்றுவதும் ஆண்கள் வேலை.

அந்தக் குழிகளால் கரை பலவீனப்படும் என்று மண் எடுக்கத் தடை வந்தது. தீவைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கரையைத் தின்பது ஆறு. மண்வெட்டியைக் கீழே போடச் சொல்வது குயவரிடம். மண் எடுக்க அவர்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கித் தராமல் தடுப்பது நியாயமாகப் படவில்லை.

மாஜுலிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாமகுரியோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் சால்மோராவுக்கும் போங்கள். வெள்ளம் வடிந்த குளிர்காலத்தில் போவது நல்லது.