ஆற்றை நகர்த்திய ஊரில் ஐந்து மாதம்!

‘சிவில் எடுத்தா சைட்டுல வெயில்ல காயணும், ஃபாரின் எல்லாம் நடக்காது மச்சி’ என்று சொன்ன அத்தனை பேரும் வரிசையில் வந்து நில்லுங்க. ஐந்தாவது செமஸ்டர் முழுக்க ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரத்தில் படித்துவிட்டு வந்திருக்கிறேன்!

2024 செப்டம்பரில் ஃப்ளைட் ஏறினேன். ஐரோப்பிய யூனியனின் எராஸ்மஸ் பிளஸ் ஸ்காலர்ஷிப். அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. எடுக்கிற 30 கிரெடிட்டும் நம்ம காலேஜ் மார்க் ஷீட்டில் ஏறும். ஆனால், எந்த பேப்பருக்கு எந்த பேப்பர் சமம் என்று கிளம்பும் முன்பே இரண்டு காலேஜிலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்ததும் அரியர் உறுதி!

இரண்டு மாதம் மொபைல் ஆப்பில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, கெத்தாகப் போய் இறங்கினேன். தெருப் பலகையில் வேறு ஏதோ மொழி! அதுதான் வலென்சியானோ. காட்டலான் மொழியின் உடன்பிறப்பு. அங்கே ஸ்பானிஷோடு சேர்ந்து அதுவும் ஆட்சி மொழி. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் சொன்ன ‘குட் மார்னிங்’கே எனக்குப் புரியவில்லை. மூன்று பேப்பர் இங்கிலீஷில் இருந்ததால் பிழைத்தேன்.

ஹாஸ்டல் வாடகை கட்டுப்படியாகாமல், ஒரு பாட்டி வீட்டில் ரூம் எடுத்தேன். வயது 78. என்னை ‘ஈஹோ’ என்றுதான் கூப்பிடுவார். ‘மகனே’ என்று அர்த்தம். மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், ராத்திரிச் சாப்பாடு 9 மணிக்கு மேல். முதல் வாரம் பசியில் கண் இருட்டியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாயெல்லா. சிக்கன், முயல் கறி, பட்டை பீன்ஸ் எல்லாம் போட்டு, அகலமான தட்டையான சட்டியில் வேகவைத்த சோறு. அல்புஃபேரா ஏரியைச் சுற்றிய வயல்களில் விளைகிற அரிசி. “வெங்காயம் போட்டா இன்னும் நல்லா இருக்குமே பாட்டி” என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். “அதுக்குப் பேர் பாயெல்லா இல்லை ஈஹோ. சும்மா சோறு!” அன்றைக்கு முறைத்த முறைப்பு இருக்கே... யப்பா!

வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு கதீட்ரல் வாசலுக்குப் போனால் ஒரு கோர்ட் பார்க்கலாம். பெயர், தண்ணீர் நீதிமன்றம். வாய்க்கால் பாசன விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்பு அங்கியோடு வட்டமாக உட்காருவார்கள். வக்கீல் கிடையாது, விசாரணை முழுக்க வாய்மொழிதான். 2009-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நான் போன அன்று ஒரு வழக்குகூட இல்லை. ஐந்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம், துரியா ஆறு. அதாவது, ஆறு இல்லாத ஆறு. 1957 அக்டோபரில் துரியா பெருக்கெடுத்து வந்து ஊரை மூழ்கடித்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘இனிமேல் நீ ஊருக்குள்ளேயே வராதே’ என்று ஊருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய் வெட்டி, ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பழைய ஆற்றில் நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தது. மக்கள் விடவில்லை. ‘எங்களுக்குப் பச்சைதான் வேணும்’ என்று போராடினார்கள். இன்றைக்கு அது சுமார் 9 கிலோமீட்டர் நீளப் பூங்கா. பழைய கல் பாலங்களுக்கு அடியில் ஃபுட்பால் கிரவுண்டு, ஆரஞ்சு மரம், காதல் ஜோடிகள். தினமும் அதற்குள்தான் என் சைக்கிள் ஓடும்.

சிவில் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘ஒரு நகரம் ஆற்றை நகர்த்திய கதை’ என்று செமினாருக்கு டாபிக் எடுத்தேன். கடைசி ஸ்லைடில் பெரிய எழுத்தில், ‘பிரச்னை தீர்ந்தது.’

அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. இரவு 8.11-க்கு எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறின. வெளியே போகாதீர்கள் என்று எச்சரிக்கை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவில் பெரிதாக மழைகூட இல்லை. ‘இதுக்கா இந்த பில்டப்’ என்று ஸ்லைடு வேலையைத் தொடர்ந்தேன்.

அந்த நேரத்தில் தெற்கே இருந்த ஊர்களுக்குள் ஏற்கெனவே வெள்ளம் புகுந்திருந்தது.

உள்பக்கம் இருக்கிற துரீஸ் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 770 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கும் மேல்! அந்தத் தண்ணீர் துரியாவில் வரவில்லை. போயோ என்ற காட்டாற்றில் வந்தது. புதுக் கால்வாய் தன் வேலையைச் சரியாகச் செய்தது, நகரின் மையம் நனையவே இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்கள் மாட்டிக்கொண்டன. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

என் செமினார் பார்ட்னரின் வீடு பாய்போர்த்தாவில், அதே காட்டாற்றின் கரை. இரண்டு நாள் போன் போகவில்லை.

அம்மாவிடம் பேசினேன். “முடிச்சூர்ல நாம பார்க்காத தண்ணியாடா?” என்றார். 2015 டிசம்பர். எனக்குப் பத்து வயது. மொட்டை மாடியில் மாட்டியிருந்த எங்களுக்கு, இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சில காலேஜ் அண்ணன்கள் வந்தார்கள். அவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். பாட்டி தன் துடைப்பத்தைக் கையில் கொடுத்தார். 1957-ல் அவருக்கு 11 வயது. “தண்ணி ஒரு நாள்ல போயிடும் ஈஹோ. சேறுதான் போகாது” என்றார்.

கால்வாய் மேலே ஒரு நடைபாலம். அதில் ஆயிரக்கணக்கில் ஜனம், பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்க. ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் மண்வெட்டி, தோளில் தண்ணீர் கேன். பாலத்தின் இந்தப் பக்கம் காபிக் கடை திறந்திருந்தது. அந்தப் பக்கம் கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

ஒரு மணி நேர நடை. பாய்போர்த்தாவில் தெரு எது, வீடு எது என்றே தெரியவில்லை. எல்லாம் பழுப்புச் சேறு. பார்ட்னரை அவன் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். போனில் சார்ஜ் இல்லை, ஊரில் கரண்ட்டே இல்லை. உயிரோடு இருந்தான். கட்டிப்பிடித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “இங்க மழையே பெய்யலடா.”

மழையே பெய்யாத ஊரில் வெள்ளம்! அவன் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தரைத்தளத்தைக் கழுவ எட்டுப் பேருக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. பக்கெட் பக்கெட்டாக, கைமாற்றி, கைமாற்றி. என் ஓட்டை ஸ்பானிஷை அன்றைக்கு யாரும் கிண்டல் பண்ணவில்லை. ‘பக்கெட்’, ‘இங்கே’, ‘பார்த்து’... இந்த மூன்று வார்த்தையே போதுமாக இருந்தது. தொடர்ந்து நான்கு நாள் போனேன்.

தள்ளிப்போன செமினாரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கொடுத்தோம். கடைசி ஸ்லைடை அவன் மாற்றச் சொன்னான். ‘பிரச்னை தீர்ந்தது’ போய், ஒரு கேள்வி வந்தது: ‘யாருக்குத் தீர்ந்தது?’ பேராசிரியர் ரொம்ப நேரம் அந்த ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்சேஞ்ச் போகப்போகிற நண்பர்களே, சூட்கேஸில் ஊறுகாய்க்கு இடம் விடுங்கள். அப்படியே ஒரு பழைய ஷூவுக்கும்! என் ஷூ இன்னும் பாய்போர்த்தா சேற்றோடு ஷெல்ஃபில் இருக்கிறது. ‘தூக்கிப் போடுடா’ என்று அம்மா தினமும் திட்டுகிறார்.

ஸாரிம்மா... முடியாது!